பசிக்கல

வீட்டில் எதுவும் சாப்பிடாத மனுஷன் எப்படிக் குண்டாவான்? அவளுடைய சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயும்போது கிரீஸ் வாசனையோடு திரும்புவான். முன்பெல்லாம் செருப்பைக் கழற்றும்போதே சமையலறைப் பக்கம் கழுத்தை நீட்டி, "இன்னைக்கு என்ன?" என்பான். இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அந்தக் கேள்வி நின்றுபோனது. அவள் தட்டை எடுத்து வைத்தால், வயிற்றைத் தடவிக்கொண்டு, "பசிக்கல" என்பான். மதியம் லேட்டாகச் சாப்பிட்டேன், ஒரு ஆபீஸில் டீயோடு பன்னும் கொடுத்தார்கள், வாயுத் தொல்லை மாதிரி இருக்கிறது. தினம் ஒரு காரணம், எல்லாவற்றையும் வரும் வழியிலேயே யோசித்து வைத்தது போல. ஆனால் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தபோது, அதை முனைப் பக்கமாக அல்லவா போட்டான்?

மகளும் அதே பாட்டைத்தான் பாடினாள். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறவள், வீட்டில் இன்னும் பாப்பாதான். "டயட்மா" என்பாள். டயட் இருக்கிறவளின் கன்னம் பன் மாதிரி உப்பிக்கொண்டே போனது.

அவள் ஒவ்வொன்றாகக் கவனிக்க ஆரம்பித்தாள். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பல்குத்தும் குச்சி. மகளின் துப்பட்டாவில் வெங்காயம் வதக்கிய வாசனை. கணவன் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மகள் வருவாள், அல்லது மகள் வந்த கொஞ்ச நேரத்தில் கணவன். இருவரும் ஒன்றாக வருவதில்லை என்பதில் ஒரு கவனம் தெரிந்தது. அவள் ஹாலுக்குள் நுழைந்தால் இரண்டு போன்களும் குப்புறப் படுத்துக்கொள்ளும்.

இதில் இன்னொன்று. தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சொல்லப்போனால், கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நிம்மதியாக அவள் சாப்பிட்டதில்லை. அது வேறு விஷயம். நிம்மதியாக இருக்கிறது என்பதற்காக ஒருத்தி சந்தேகப்படாமல் இருந்துவிட முடியுமா?

அவளுக்கு வேலை ஒரு பல் லேபில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து பல்செட் செய்து தருவாள். மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, மேல்தாடையும் கீழ்த்தாடையும் சரியாகக் கவ்வுகிறதா என்று கீல் வைத்த சட்டத்தில் மாட்டித் திறந்து மூடிப் பார்ப்பாள். தெருவில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. புதிதாகக் கேட்கிறவர்கள் ஏதோ பல்லக்கில் ஊர்வலம் போகிற ஆள் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பதும் உண்டு. லேபில் அவளோடு வேலை செய்தவர் ஓவியர். பல்லுக்குச் சாயம் தீட்டுகிறவர் என்பதால் அந்தப் பெயர். சிகரெட் பிடித்த வாய்க்குச் சிகரெட் பிடித்த நிறம், வெள்ளையாகச் சிரித்த வாய்க்கு வெள்ளை. அவளைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் அவரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் அவரிடமே கேட்டாள்.

"வீட்டுல சாப்பிடுறதில்ல, வயிறு மட்டும் வளருது. இதுக்கு என்ன அர்த்தம் ஓவியரே?"

"வெளியில யாரோ பரிமாறுறாங்கன்னு அர்த்தம்" என்றார் அவர், தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பொண்ணும் கூடச் சேர்ந்து போறாளே?"

அது அவர் போட்ட கணக்கில் இடித்தது. கொஞ்சம் யோசித்தார். "அப்போ பொண்ணுக்கும் பிடிச்சுப்போன யாரோ."

சொல்லிவிட்டு வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். அவள் வழக்கம்போல மெழுகையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு பிளாஸ்டர் கலக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்தில் ஒருத்தர் கடலை தின்னும்போது யாரால் உட்கார முடியும்? முடியாதவர்கள் எழுந்து போவார்கள், எழ முடியாத இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். நெரிசலான பஸ்ஸில் அடுத்தவர் முழங்கையைப் பொறுத்துக்கொள்வது மாதிரி. உலகம் இப்படித்தான் நடக்கிறது என்பதில் அவளுக்கு அதுவரை ஒரு சந்தேகமும் வந்ததில்லை. அன்று அந்த அறைக்குள் அவள் யோசித்ததெல்லாம் ஓவியர் சொன்ன 'பிடிச்சுப்போன யாரோ'வைப் பற்றித்தான். அந்த ஒருத்திக்கு எப்படிப்பட்ட முகம்? என்ன சமைப்பாள்?

மறுநாள் தலைவலி என்று சொல்லிவிட்டு லேபிலிருந்து சீக்கிரம் கிளம்பினாள். தெருமுனை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பழக்கடை. அதன் தார்ப்பாய்க்குப் பின்னால், அடுக்கி வைத்த பெட்டிகளை ஒட்டி நின்றுகொண்டாள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். "ஒரு ஆளுக்காக நிக்கிறேன்" என்றாள். அவர் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டியது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கணவன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பழக்கடைக்கே வந்தான். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் அவன் வெள்ளரிக்காய் பொறுக்கினான். ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் சுண்டி, "நல்லா மொறுமொறுன்னு இருக்குமா?" என்று கேட்டான். ஆப்பிளும் அப்படியே, கெட்டியாகப் பார்த்து. இத்தனை வருஷத்தில் வீட்டுக்கு ஒரு வெள்ளரிக்காய் வாங்கி வந்ததில்லை இந்த மனுஷன்! யாருக்கு இந்த உபசாரம்?

இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தாள். அவன் இரண்டு தெரு தாண்டி ஒரு சலவைக் கடைக்குள் நுழைந்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. அது அவனுடைய அக்காவின் கடை. அவள் அண்ணி என்று கூப்பிடும் அந்த நாத்தனார் வேறு ஊரில் இருந்தவள், கோடை முடிவில்தான் இங்கே வந்து அந்தக் கடையை எடுத்து நடத்துகிறாள். முன்பக்கம் கடை, பின்பக்கம் ஒற்றை அறையில் குடித்தனம்.

வேறு ஒருத்தி இல்லை என்ற நிம்மதி அவளிடம் கொஞ்ச நேரம்கூடத் தங்கவில்லை. அண்ணியா? அண்ணியிடம் என்ன ரகசியம்? என் சமையலைப் பற்றி அங்கே போய்க் குறை சொல்கிறானா? அதற்குள் மகளும் வந்து சேர்ந்தாள். கடைக்கதவை அவள் தள்ளித் திறந்த விதத்திலேயே இது தினசரி வழக்கம் என்று தெரிந்தது.

கொஞ்சம் பொறுத்து இவளும் உள்ளே போனாள், கதவு சத்தம் போடாதபடி கையால் தாங்கிப் பிடித்து. கடையை மூடும் நேரம், மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்கு நடுவே புகுந்து நின்றாள். பின் அறையில் விளக்கெரிந்தது. திரை பாதிதான் இழுத்திருந்தது.

"முதல்ல மூக்கு" என்றது கணவனின் குரல். "மூக்கு ஓட்டை ரெண்டும் இப்படிப் பெருசாகும் பாரு."

"இல்லப்பா, முதல்ல கண்ணு" என்றாள் மகள். "ஒரு தடவை மெதுவா மூடித் திறக்கும். அப்புறம்தான் மூக்கு."

"அப்புறம் 'எனக்கு ஒரு வேலை இருக்கு'ன்னு எழுந்து போயிடுவா."

"அதுகூடப் பரவாயில்லப்பா. 'மெதுவா சாப்பிடுங்க, யாரும் பிடுங்கிட்டுப் போகல'ன்னு ஆரம்பிச்சா அன்னைக்குக் கதை முடிஞ்சுது."

மூன்று பேரும் சிரித்தார்கள். "பாவம்டா, சிரிக்காதீங்க" என்று சொன்ன அண்ணிதான் அதிகம் சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக யாரோ வெள்ளரிக்காயைக் கடித்தார்கள். அந்தச் சத்தம் அவள் காதில் புகுந்து கழுத்து வழியாக இறங்கி உள்ளங்கைக்கு வந்தது. கை தானாகப் பக்கத்திலிருந்த கோட்டைப் பிடித்துக் கசக்கியது. பிளாஸ்டிக் உறை சலசலத்தது.

"யாரு கடையில?" என்றாள் அண்ணி.

அவள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மேசையில் ரொட்டி, வறுத்த உருளைக்கிழங்கு, வெட்டிய ஆப்பிள், வெள்ளரித் துண்டுகள். கணவனின் முகத்தில் அவளுடைய மூக்கு இன்னும் இருந்தது. அவளைக் கண்டதும் மூன்று தாடைகளும் ஒரே சமயத்தில் நின்றன. மகளின் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. அவள் மெல்லவுமில்லை, விழுங்கவுமில்லை, அப்படியே வைத்திருந்தாள். நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை.

"என்ன நிறுத்திட்டீங்க? நடக்கட்டும்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உயர்ந்து வந்தது. "என் சமையல் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே? திருட்டுத்தனமா இங்க வந்து தின்னுட்டு, அங்க வந்து பசிக்கல பசிக்கலன்னு…"

"உன் சமையலுக்கு என்ன குறை?" என்றான் கணவன். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று அக்காவைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "உன் முன்னாடி சாப்பிடத்தான் முடியல."

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரும்மா. சண்டை போடுறதுன்னாலும் உக்காந்தே போடலாம்."

அவள் உட்காரவில்லை. "நான் என்ன பண்ணேன்? வாய்க்குள்ள கையை விட்டுப் பிடுங்குனேனா? கொஞ்சம் முகம் மாறும், அவ்வளவுதானே? எல்லாருக்கும் இருக்கிறதுதான். உங்களுக்கெல்லாம் அடக்கிக்கத் தெரியுது, எனக்குத் தெரியல."

"எது எல்லாருக்கும் இருக்கிறது?" என்று கேட்டாள் அண்ணி.

"அதான், பக்கத்துல யாராவது மெல்லும்போது வருமே."

"என்னம்மா வரும்?" என்றாள் மகள். இதற்குள் வாயில் இருந்ததை எப்படியோ விழுங்கியிருந்தாள்.

இதைப் போய் விளக்க வேண்டுமா என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "காதுல ஆரம்பிச்சுக் கையில வந்து நிக்கும்ல. அந்தத் தட்டைப் பிடுங்கிச் சுவத்துல அடிக்கணும் போல இருக்கும்ல. அவங்க மேல எவ்வளவு பாசம் இருந்தாலும் அந்த நேரத்துக்கு அவங்க எழுந்து எங்கேயாவது தொலைஞ்சா போதும்னு இருக்கும்ல."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவேயில்லை.

"இல்லம்மா" என்றாள் மகள். "எனக்கு ஒண்ணும் இருக்காது."

"பொய் சொல்லாதே. அண்ணி, உங்களுக்கு?"

"பக்கத்துல மெல்லுறாங்கன்னே எனக்குத் தெரியாதும்மா. அதை யாரு கேட்டுட்டு இருப்பா?"

பக்கத்தில் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது, ஆனால் எனக்குக் கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவளுக்கு. மூன்று பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள், வேறு என்ன? "நல்லா நடிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். போகிற போக்கில் கசங்கிய கோட்டை மட்டும் நீவி விட்டாள்.

நடந்து வரும்போது ஒரு விசித்திரமான எண்ணம் வந்தது. வேறு ஒருத்தி இருந்திருந்தால்கூடத் தேவலை. அவள் தலைமுடியைப் பிடித்திருக்கலாம். இதில் யாருடைய முடியைப் பிடிப்பது?

மறுநாள் லேபில் ஓவியர் பொட்டலத்தைப் பிரிக்கும்வரை காத்திருந்தாள். இந்த முறை எழுந்து போகவில்லை.

"ஓவியரே, உண்மையைச் சொல்லணும். பக்கத்துல ஒருத்தர் கடலை மென்னா உங்களுக்கு என்ன தோணும்?"

"நமக்கும் ரெண்டு குடுக்க மாட்டாரான்னு தோணும்."

"அது இல்ல. கோபம் வருமா?"

"குடுக்கலைன்னா வரும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார். அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள், விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அவர் பொட்டலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்தார்.

"அதனாலதான் தினம் எழுந்து போவீங்களா?"

"வேற எதுக்குன்னு நினைச்சீங்க?"

அவர் தூரிகையைத் துணியில் துடைத்தார். "நான் தின்னுறதைப் பார்த்தா உங்களுக்கு அருவருப்பா இருக்கும்னு நினைச்சேன். எங்க வீட்டு ஆளுங்க எல்லாருமே சத்தமா சாப்பிடுறவங்க. சரி, நம்மளைப் பிடிக்கல போலன்னு விட்டுட்டேன். அதுக்காகத்தான் என் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட…"

"சின்னதா வச்சுக்கிட்டோம், யாரையும் கூப்பிடலன்னு சொன்னீங்களே?"

"பெருசாத்தான் வச்சோம்" என்றார் ஓவியர். "லேப்ல உங்களைத் தவிர எல்லாரும் வந்தாங்க. பந்தியில நீங்க பாதியில எழுந்து போனா எங்க சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்கன்னு பயந்துட்டேன்."

அவள் ஒரு பல்செட்டைச் சட்டத்தில் மாட்டித் திறந்து மூடினாள். அது சரியாகத்தான் கவ்வியது. இருந்தும் கழற்றித் திரும்ப மாட்டினாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் ஒருத்தி ஆப்பிள் தின்றாள். இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதிரில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு பையன் போனில் எதையோ பார்த்துச் சிரித்தான். கண்டக்டர் சில்லறையைத் தேடினார். எந்தக் கண்ணும் மெதுவாக மூடித் திறக்கவில்லை, எந்த மூக்கும் விரியவில்லை. வீட்டு ஆட்கள் நடிக்கலாம், ஓவியர் கிண்டல் செய்யலாம். இத்தனை பேருமா சேர்ந்து நடிப்பார்கள்? ஆப்பிளின் நடுப்பகுதி வரும்வரை தாக்குப்பிடித்தாள். பிறகு தன் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி, மழைத் தூறலில் நடந்தாள்.

அன்றிலிருந்து தன்னுடைய எதையும் அவளால் நம்ப முடியவில்லை. போன் செய்வதற்கு முன் 'ஹலோ'வை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்ப்பாள். அது எல்லோரும் செய்வதா? சோபாவில் உட்காரும் முன் கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். புதுத் துண்டை முகர்ந்து பார்ப்பாள். படியில் யாராவது பின்னால் வந்தால் ஓரமாக நின்று அவர்களைப் போகவிட்ட பிறகுதான் ஏறுவாள். இவற்றில் எது ஊருக்கெல்லாம் பொது, எது தனக்கு மட்டும்? தெருவில் போகிறவர்களைப் பிடித்து நிறுத்திக் கேட்க முடியுமா? தட்டாமல் சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள். அன்று முழுக்க ஏதோ பாக்கி இருக்கிற மாதிரியே இருந்தது.

வீட்டில் இப்போது யாரும் 'பசிக்கல' என்று சொல்வதில்லை. வேறு எதுவும் சொல்வதில்லை என்பதும் உண்மை. மகள் மட்டும் ஒரு மாலை பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினாள். "பாரும்மா. இது நிறைய பேருக்கு இருக்காம். இதுக்குன்னு ஒரு பேரே இருக்கு."

"போன்ல யார் வேணா என்ன வேணா எழுதுவாங்க" என்றாள் அவள். ஆனால் வாங்கிப் படித்தாள். யாரோ ஒருத்தர் தன் அப்பா சூப் குடிக்கும் சத்தத்துக்காக வீட்டை விட்டே போனதாக எழுதியிருந்தார். அந்த ஆளை நேரில் பார்த்தால் தேவலை என்று இருந்தது.

மகள் டீ போட்டு எடுத்து வந்தாள். தட்டில் பிஸ்கட். ஒன்றை எடுத்து டீயில் நனைத்து, அது கரைந்து விழப்போகும் கடைசி நொடியில் வாய்க்குள் போட்டுக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் இதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், எங்க பாப்பாவுக்குப் பிஸ்கட்டை நனைக்காமல் இறங்காது என்று.

அவளுக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது.

"உனக்கு நனைச்சாத்தானே பிடிக்கும்?"

மகள் டீயை ஊதினாள்.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"எனக்கு மொறுமொறுன்னுதாம்மா பிடிக்கும்."

"அப்புறம் ஏன்?"

"நான் கடிச்சுத் தின்னா நீ எழுந்து போயிடுவே. திட்ட மாட்டே, ஒண்ணும் பண்ண மாட்டே. எழுந்து போயிடுவே." மகள் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தாள், நனைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "நீ போறது எனக்குப் பிடிக்கல. அதான் நனைச்சேன். நனைச்சா நீ இருப்பே."

அவள் அந்தப் பிஸ்கட்டையே பார்த்தாள். "இப்போ கடி" என்றாள்.

"வேணாம்மா."

"கடிங்கிறேன்ல."

மகள் கடித்தாள். அவளுக்குக் காதிலிருந்து கைவரை எல்லாம் வந்தது, ஒன்றும் குறையவில்லை. எழுந்து போகாமல் இருக்க மடியில் இருந்த கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அது கோபத்தில் வந்ததா அழுகையில் வந்ததா என்று அவளுக்கே புரியவில்லை. மகள் பயந்துபோய் மீதியை டீயில் போட்டுவிட்டாள்.

கணவனிடம் அவள் கேட்டது படுக்கையை உதறிப் போடும்போது. "ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா என்னவாம்?"

"சொன்னேனே. கல்யாணமான புதுசுல கேட்டேன், ஏன் முகம் ஒரு மாதிரி ஆகுதுன்னு. 'எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், நான் உங்களுக்காகப் பொறுத்துக்கிறேன்'னு சொன்னே. அதுக்கு மேல என்ன கேக்குறது? என் வாய்தான் சரியில்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்." அவன் தலையணையைத் தட்டிக்கொண்டே சொன்னான். "லிஃப்ட் உள்ள கண்ணாடி இருக்கும்ல. ரிப்பேர் முடிஞ்சதும் அதுக்கு முன்னாடி நின்னு சத்தமில்லாம ரொட்டி தின்னு பழகுவேன். ஒரு தடவை கதவு திறந்துடுச்சு. வெளியில ஆபீஸே நிக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "எங்க அம்மா வீட்டுல என்கிட்ட யாரும் எதுவும் சொன்னதில்லையே" என்றாள்.

"உங்க அம்மா வீட்டுல டிவியை எவ்வளவு சத்தமா வச்சுக்கிட்டுச் சாப்பிடுவாங்கன்னு நினைச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வரும் அளவுக்கு. அம்மாவுக்குக் காது மந்தம் என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்? ஆனால் அம்மா போனில் மெதுவாகப் பேசினால்கூடக் கேட்டுக்கொள்வாளே.

"அவங்களுக்கும் தெரியுமா? வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"தூங்கு" என்றான் அவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளே அண்ணியைப் போய் அழைத்து வந்தாள். வெள்ளரிக்காயும் அவளே வாங்கினாள். நான்கு பேருக்கும் தட்டு வைத்தாள். உட்காருவதற்கு முன் சொன்னாள்: "என்னால முடியுற வரைக்கும் இருப்பேன். முடியலைன்னா எழுந்து போவேன். அது உங்க மேல கோபம் இல்ல. நீங்க பாட்டுக்குச் சாப்பிடணும். யாராவது மெல்லுறதை நிறுத்துனீங்க, அப்போ நிஜமாவே கோபம் வரும்."

சூப் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரொட்டியில் கண் ஒருமுறை மூடித் திறந்தது, அவளுக்கே தெரிந்தது. மகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். வெள்ளரிக்காய்க்கு அண்ணி கை நீட்டினாள், ஒரு கடி, இரண்டு கடி. அவள் எழுந்து பால்கனிக்குப் போனாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தாள். உள்ளே சத்தம் நின்றது. அவள் காத்திருந்தாள். நின்றே இருந்தது.

"நான் இன்னும் போய்ச் சேரல, மெல்லுங்க!" என்று கத்தினாள்.

யாரோ புரையேறிச் சிரித்தார்கள். பிறகு, முதலில் தயங்கி, அப்புறம் மளமளவென்று, மூன்று வாய்களும் ஆரம்பித்தன. அவளுக்குக் கம்பியைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. அவ்வளவு ஆத்திரத்திலும் அவள் உள்ளே போய் நிறுத்தச் சொல்லவில்லை, அவர்களும் நிறுத்தவில்லை. மேசையில் பேச்சு தொடங்கியது. சலவைக்கு வந்த ஒரு கோட்டுப் பையில் இருந்து வெளிவந்த பொய்த் தாடியைப் பற்றி அண்ணி ஏதோ சொன்னாள். அவளும் பால்கனியிலிருந்தே, "யாரோடது அண்ணி?" என்று கேட்டாள்.

எல்லோரும் முடித்த பிறகு உள்ளே வந்து தன் தட்டின் முன் உட்கார்ந்தாள். அவர்கள் கலைந்து போகாமல் கைகழுவிவிட்டு வந்து அவளோடு உட்கார்ந்தார்கள். அவள் பசியோடு இருந்தாள். ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். ஒரு வெள்ளரித் துண்டை எடுத்துக் கடித்தாள். மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"என்ன பார்க்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றான் கணவன்.

அவள் மென்றுகொண்டே அவன் முகத்தைப் படித்தாள். அதில் என்னவோ இருந்தது. "என்ன? எனக்கும் சத்தம் வருதா?"

"வருது."

"எவ்வளவு?"

"நல்லாவே வருது" என்றான். "நம்ம வீட்டுல உனக்குத்தான் ஜாஸ்தி."

"பொய்."

அண்ணி கூரையைப் பார்த்தாள். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியது. அவள் இன்னொரு துண்டை வாயில் வைத்து, மெதுவாக, காதைத் தீட்டிக்கொண்டு கடித்துப் பார்த்தாள்.

"இதுல என்ன சத்தம் இருக்கு?" என்றாள்.